ஒரு செடிக்கு எத்தனை எண்?

ஆண்டுதோறும் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்பதும், "இரயில் பெட்டியைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" என்று நான் நழுவுவதும் வழக்கம். இந்த ஆண்டு எழுதுவதற்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை ஒளிக்காமல் சொன்னால் வேறு நாலு பேராவது அதே தவறைச் செய்யாமல் இருப்பார்கள் என்பதால் எழுதத் துணிந்தேன்.

நான் டிப்ளமா படித்துவிட்டு இரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்தவன். டிரெயின் எக்ஸாமினராகத் தொடங்கி சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். கையில் சுத்தியலும் சுண்ணக்கட்டியுமாக யார்டில் நடந்தே வாழ்நாள் கழிந்தது. ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான மார்டள்ளிக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரும் அதன் முகவரியும்

மார்டள்ளியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில், வீட்டுக்குள்ளும் வயலிலும் தமிழே பேசுகிற கர்நாடக ஊர் எங்களுடையது. பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் உண்டு. ஊர் நகரவில்லை. ஆனால் அதன் முகவரி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. என் தாத்தா காலத்தில் கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்தோடும் மைசூர் மாவட்டத்தோடும் சேர்ந்தது. 1973-ல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. பிறகு ஹனூர் தனி வட்டமானது. இன்றும் வெளியூரில் யாராவது கேட்டால் "மைசூரு பக்கம்" என்றுதான் சொல்கிறோம். ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கலாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து மலையில் 1930-ல் ஒருவர் ஒரு செடியைப் பறித்துக் காயவைத்திருந்தால், அதன் சீட்டில் "கோயம்புத்தூர் மாவட்டம்" என்று எழுதியிருப்பார். அதே பாறையில் 1985-ல் பறித்தவர் "மைசூர் மாவட்டம்" என்று எழுதியிருப்பார். இன்று பறிப்பவர் "சாமராஜநகர்" என்பார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது மூன்று இடம். செடி அறியும், அது ஒரே இடம்தான் என்று.

வாத்தியார் விட்டுச் சென்ற பெட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊருக்கே அவர் "வாத்தியார்". ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு துணிப்பை, ஒரு சிறு கத்தி, பழைய செய்தித்தாள் கட்டு, இவற்றோடு ஓடைக்கரையிலும் பாறைச் சரிவிலும் அலைவார். பறித்த செடியைச் செய்தித்தாளில் விரித்து, மேலே பலகையும் அதன்மேல் அம்மிக்கல்லும் வைத்து அழுத்திக் காயவைப்பார். ஒவ்வொரு செடியிலும் நூலில் ஒரு சீட்டு தொங்கும். சீட்டில் ஓர் எண், தேதி, இடம். 1980 முதல் 1996 வரை பதினேழு ஆண்டுகள் இதைச் செய்தார். ஒரே செடியில் இரண்டு மூன்று கிளை எடுத்தால் ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியூர்த் தாவரத் தொகுப்புகளுக்கு அனுப்புவார். வந்துபோகும் ஆராய்ச்சியாளர்களிடமும் கொடுத்துவிடுவார். பைசா வாங்கியதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய மகள் என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அப்பாவோட செடிப்பெட்டி ரெண்டு அட்டத்துல இருக்கு. வீட்டுக்காரர் தூக்கிப் போடச் சொல்றார். எனக்கு மனசு வரல. நீங்க வச்சுக்கிறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தேன். 412 தாள்கள். ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தவை, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கலைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. அந்துருண்டை வாசனை போய், சில தாள்களில் பூச்சி விழத் தொடங்கியிருந்தது.

கத்தரிக்கோல்

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாற்பது ஆண்டு வேகன்களோடு பழகியவன் அல்லவா? முதலில் எண்களைப் பார்த்தேன். தலை சுற்றியது. வாத்தியார் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மறுபடி 1-லிருந்து தொடங்கியிருக்கிறார். ஆகவே ஆண்டுக்கு ஒன்றாகப் பதினேழு "14" இருந்திருக்கிறது! ஒரே எண்ணில் பதினேழு வண்டிகளை விட்டால் எந்த இரயில்வே ஓடும்?

"இதைச் சீர்செய்துவிடுவோம்" என்று உட்கார்ந்தேன். ஒரு புதுப் பேரேடு வாங்கினேன். 1 முதல் 412 வரை சிவப்பு மசியில் புது எண் இடுவது என் திட்டம். பேரேட்டில் செடியின் பெயரையும் இடத்தையும் எழுதிக்கொண்டேன். பழைய எண்தானே குழப்பம் என்று, பழைய சீட்டை நூலோடு கத்தரித்துப் போட்டேன். இரண்டு நாளில் 43 தாள்கள் முடிந்தன. வேலை சுத்தமாக இருந்தது. கத்தரித்த சீட்டுகள் குப்பையோடு அடுப்புக்குப் போயின.

மூன்றாம் நாள் என் தங்கையின் பேத்தி வந்தாள். மைசூரில் தாவரவியல் முதுகலை படிக்கிறவள். பேரேட்டைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"தாத்தா, பழைய சீட்டெல்லாம் எங்கே?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வண்டி நம்பரை அழிச்சுட்டுப் புது நம்பர் எழுதினா, அந்த வண்டி பேர்ல இருக்கிற பழைய பில்லெல்லாம் என்ன ஆகும் தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார் எண் 14 என்று எழுதிய செடியின் இன்னொரு கிளை எங்கோ ஒரு தொகுப்பில், அதே "14" என்ற எண்ணோடு, அதே தேதியோடு இருக்கிறது. இரண்டும் ஒரே செடியின் பிள்ளைகள் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சீட்டு. நான் அதைத்தான் அடுப்பில் போட்டேன்.

வேகன் எண் கற்பித்தது

இதைவிடச் சிறிய தவறு ஒன்றை நான் இளம் வயதில் செய்ததுண்டு. ஒரு யார்டில் இரவுப் பணி. ஒரு வேகனின் ஆக்சில் பெட்டி சரியில்லை; அதைக் கழற்றி சிக் லைனுக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். லாந்தர் வெளிச்சத்தில் 12 என்பதை 21 என்று எழுதிவிட்டேன். என் கெட்ட நேரம், 21 என்று முடியும் வேகன் ஒன்றும் அதே வண்டியில் இருந்தது. நல்ல வேகனைக் கழற்றிவிட்டு, கெட்ட வேகனோடு வண்டி புறப்பட்டுப் போயிற்று. அடுத்த பெரிய நிலையத்தில் ஆக்சில் சூடேறிப் புகைவதைக் கண்டு நிறுத்தினார்கள். விபத்து இல்லை. ஆனால் அன்றைய இரவை நான் இன்றும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் வேகன் எண்ணில் பிழையைப் பிடிக்க வழி இல்லை. இப்போது சரக்கு வேகன்களுக்குப் பதினோரு இலக்க எண். முதல் இரண்டு வண்டியின் வகை. அடுத்த இரண்டு எந்த இரயில்வேக்கு உரியது. அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு. அடுத்த நான்கு அந்த வண்டியின் தனி எண். கடைசி ஒன்று சோதனை இலக்கம். கற்பனையாக 3106981234 என்று பத்து இலக்கம் வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 16. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 21. அதன் மும்மடங்கு 63. மொத்தம் 79. அடுத்த பத்தான 80-ஐ எட்ட 1 தேவை. அந்த 1-தான் பதினோராம் இலக்கம். என்னைப்போல ஒருவர் 12-ஐ 21 என்று எழுதினால் கூட்டுத்தொகை 77 ஆகும். 3 வர வேண்டிய இடத்தில் 1 நிற்கும். "எங்கேயோ தப்பு" என்று கணிப்பொறி உடனே சொல்லிவிடும். எல்லா இடமாற்றத்தையும் இது பிடிக்காது, பெரும்பாலானவற்றைப் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. எண் என்பது யார் கொடுப்பது என்ற கேள்வி. ஊருக்கு ஒருவர் தம் இஷ்டத்துக்கு எண் போட்டால் மோதல் வரும். ஆகவே வேகன் எண்ணில் உரிமையாளரின் குறியும் உள்ளே இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 2003-ல் தென்மேற்கு இரயில்வே தனியாகப் பிறந்தபோது, முந்தின நாள் வரை தென்னக இரயில்வேயாக இருந்த மைசூர், பெங்களூர்ப் பகுதிகள் அதற்குப் போயின. உரிமையாளர் மாறலாம். வண்டி மாறாது. எண்ணுக்குள் நாம் எவ்வளவு செய்தியைத் திணிக்கிறோமோ, அவ்வளவுக்குப் பின்னால் திருத்த வேண்டிய வேலையும் வரும்.

உலகத்து அலமாரிகள்

பேத்தியும் நானும் அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன். உலர்ந்த தாவரங்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். உலகில் 3,500-க்கு மேற்பட்ட ஹெர்பேரியங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 40 கோடி உலர்தாவரங்கள். விலங்கு, பூச்சி, சங்கு, பாறை எல்லாம் சேர்த்து, 28 நாடுகளின் 73 பெரிய அருங்காட்சியகங்களில் மட்டும் 110 கோடிக்கு மேல் பொருள்கள் உள்ளன என்று 2023-ல் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. அவற்றில் கணிப்பொறி வழியாகத் தேடிக் காணக்கூடியவை 16 விழுக்காடு மட்டுமே.

நம் நாட்டில் 1890-ல் இந்தியத் தாவர ஆய்வுத் துறையும் 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையும் தோன்றின. தாவரத் துறையின் மத்தியத் தொகுப்பு ஹௌராவில், பழைய தாவரத் தோட்டத்தில் இருக்கிறது. நம் தென்னாட்டுச் செடிகளுக்குப் பிறந்த வீடு போன்றது கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கிய ராபினா ஹெர்பேரியம் இன்னொன்று. தமிழகச் சமவெளிகளையும் சேர்வராயன் போன்ற மலைகளையும் அவரும் மாணவர்களும் சல்லடை போட்டுத் தேடியதன் பலன்தான் 1980-களில் வந்த அவருடைய பெருநூல்.

இந்த ஹெர்பேரியங்களுக்கு ஆளுக்கொரு சுருக்கக் குறி உண்டு. இந்தக் குறிகளின் உலகப் பட்டியல் 1952-ல் முதலில் அச்சாயிற்று. இப்போது அதை நியூயார்க் தாவரத் தோட்டம் பராமரிக்கிறது. ஒரு குறியை இருவர் வைத்துக்கொள்ள முடியாது. இலண்டன் அருகே கியூ தோட்டத்துக்கு ஒற்றை எழுத்து, "கே". ஹௌராவில் இருப்பதற்கு "சி.ஏ.எல்.", அதாவது கல்கத்தா. கோவையில் இருப்பதற்கு "எம்.எச்.", அதாவது மெட்ராஸ் ஹெர்பேரியம். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருப்பதற்கு "ஜே.சி.பி.". மண் தோண்டும் வண்டி நினைவுக்கு வரும்; உண்மையில் அது ஜோசப் கல்லூரி, பெங்களூர். பாதிரியார் சல்தானா அந்தக் கல்லூரியில் வளர்த்த தொகுப்பு அது. இடம் மாறியும் குறி மாறவில்லை. கவனியுங்கள்: மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று, தொகுப்போ கோவையில் இருக்கிறது. கல்கத்தா 2001-ல் கொல்கத்தா ஆயிற்று. குறிகளை யாரும் தொடவில்லை. தொடாததால்தான் அவை பயன்படுகின்றன. இதைத்தான் நான் பேரேட்டை வாங்கும் முன் கற்றிருக்க வேண்டும்.

குறி சரி, எண் சரியா? அங்கேதான் தகராறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரத் தொகுப்புக்கு வாலிக் என்பவர் 1828 தொடங்கி ஓர் எண் பட்டியல் தயாரித்தார். 9,148 வரை போகிறது. இலண்டனிலிருந்து உலகின் பல தொகுப்புகளுக்குக் கட்டுக் கட்டாகச் செடிகளை அதே எண்களோடு அனுப்பினார். பெரிய காரியம். ஆனால் அவருடைய எண் தாளுக்கு அல்ல, இனத்துக்கு. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆள் பறித்த செடிகள் ஒரே எண்ணின்கீழ் இருக்கும். அதாவது அது "பாக்ஸ் வேகன்" என்று வகை சொல்வதுபோல. எந்த வேகன் என்று சொல்லாது.

நம் கோவையில் பல ஆண்டுகள் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் கதை இன்னும் சிக்கல். ரங்கய்யா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களைக் கொண்டு தென்னாட்டுச் செடிகளை வரையச் செய்தவர் அவர். அவர் தம் பட்டியலுக்கு ஓர் எண் வரிசை வைத்திருந்தார். பின்னாளில் அவருடைய செடிகள் கியூவிலிருந்து பல நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது வேறோர் எண் வரிசை இடப்பட்டது. இன்று ஒரு வைட் தாளைக் கையில் எடுப்பவர், அதில் உள்ள எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எடின்பரோவின் ஹென்றி நோல்ட்டி போன்றவர்கள் இதைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை. ஒரு செடிக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட தாளோடு கட்டப்படுகிறது. பின்னாளில் பெயரில் சந்தேகம் வந்தால் அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும். மரபணு ஆராய்ச்சி செய்கிறவரும் "இந்தத் தாளின் இலையிலிருந்து எடுத்தேன்" என்று எழுதுகிறார். தாளைச் சுட்டும் எண் தவறினால், பெயரும் ஆராய்ச்சியும் அந்தரத்தில் தொங்கும்.

கணிப்பொறி வந்தபின் இந்தத் தொல்லை பெரிதாயிற்று. தீர்வும் அங்கேயே பிறந்தது. 2001-ல் பல நாடுகள் கூடி, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு, உலக உயிரினப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கின. ஜி.பி.ஐ.எஃப். என்பார்கள். இன்று அதில் 200 கோடிக்கு மேல் பதிவுகள். முதலில் நிறுவனக் குறி, தொகுப்புக் குறி, பட்டியல் எண் என்ற மூன்றையும் கோத்து ஒரு முகவரி ஆக்கினார்கள். நம் வேகன் எண் போலத்தான். ஆனால் ஒருவர் நடுவில் புள்ளி வைப்பார், இன்னொருவர் கோடு போடுவார், வேறொருவர் முன்னால் சுழியம் சேர்ப்பார். மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு மூன்று. விலங்குத் தொகுப்புகளிலோ ஒரே சுருக்கக் குறியை இரண்டு அருங்காட்சியகங்கள் வைத்திருப்பதும் உண்டு.

ஆகவே இப்போது வேறு வழி. தாளில் ஒரு பார்கோடு ஒட்டுகிறார்கள். கியூவில் "கே" என்ற எழுத்தும் ஒன்பது இலக்கங்களும். அதில் ஊர் இல்லை, ஆண்டு இல்லை, செடியின் பெயர் இல்லை. ஊரும் பெயரும் மாறக்கூடியவை என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சிலர் கணிப்பொறியே குலுக்கலில் எடுத்துத் தரும் 32 குறிகள் கொண்ட நீண்ட எண்ணை வைக்கிறார்கள். உலகில் இருவருக்கு ஒரே எண் வருவது நடைமுறையில் இல்லை என்னும் அளவுக்கு அது நீளம். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல, ஒவ்வொரு தாளுக்கும் என்றும் மாறாத ஓர் இணைய முகவரி கொடுக்கின்றன. புத்தகக் கட்டுரைகளுக்குக் கொடுக்கும் டி.ஓ.ஐ. எண்ணைத் தாள்களுக்கும் கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 அன்று, ஏறத்தாழ ஒரு லட்சம் தாள்களின் படங்களோடு இந்திய மெய்நிகர் ஹெர்பேரியம் தொடங்கி வைக்கப்பட்டது. மார்டள்ளியில் உட்கார்ந்து ஹௌராவின் தாளைப் பார்க்கலாம்.

எண் கொடுப்பது எளிது. ஒரு முறை கொடுத்ததை ஐம்பது ஆண்டு காப்பாற்றுவதுதான் கடினம். எல்லா முறைகளுக்கும் பொதுவான விதி ஒன்றே: புது எண் பழைய எண்ணின் மேல் ஏறி உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும்.

மாகாளி

நிற்க. என் 43 தாள்களுக்கு வருகிறேன்.

பேத்தி என்னைத் திட்டவில்லை. "அப்பா நோட்டு ஏதாவது எழுதி வச்சிருப்பார், தேடிப் பாருங்க" என்று வாத்தியார் மகளிடம் சொன்னாள். பள்ளிச் சத்துணவுக் கணக்குகளுக்கு அடியில் மூன்று நீளநோட்டுகள் கிடைத்தன. எண், தேதி, இடம், பூவின் நிறம், எத்தனை கிளை எடுத்தார், யாருக்கு அனுப்பினார், எல்லாம் அவருடைய உருண்டைக் கையெழுத்தில். என் பேரேட்டில் எழுதியிருந்த பெயரையும் இடத்தையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு மாதத்தில் 31 தாள்களுக்குப் பழைய எண் திரும்பக் கிடைத்தது.

மீதி 12. அவற்றில் ஒன்று மாகாளி.

மாகாளிக் கிழங்கை நீங்கள் அறிவீர்கள். மோரில் ஊறிய அந்த ஊறுகாயின் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அதன் கொடி பாறைச் சரிவுகளில் படரும். டெகலெபிஸ் ஹாமில்டோனியை என்ற அதன் அறிவியல் பெயரை 1834-ல் வெளியிட்டவர்களில் ஒருவர் நாம் மேலே பார்த்த அதே ராபர்ட் வைட். கிழங்குக்காக வேரோடு தோண்டுவதால் கொடி செத்துப்போகிறது. தென்னாட்டு மலைகளில் எல்லாம் அது அருகி வருகிறது. எங்கள் ஊர்ச் சரிவில் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். இப்போது இல்லை. "இங்கே எப்போதும் இருந்ததில்லை" என்று யாராவது சொன்னால், என் நினைவைத் தவிர என்ன சாட்சி?

வாத்தியார் நோட்டில் மாகாளி இரண்டு இடத்தில் வருகிறது. 1981-ல் எண் 14, மார்டள்ளி பாறைச் சரிவு; இரண்டு கிளை எடுத்து, ஒன்றை வெளியே கொடுத்திருக்கிறார். 1984-ல் எண் 9, மாதேஸ்வரன் மலைப் பாறைச் சரிவு, ஒரே கிளை. பெட்டியில் இருப்பதோ ஒரே மாகாளித் தாள். என் பேரேட்டில் நான் எழுதியிருந்தது: "மாகாளி, பாறைச் சரிவு". எந்தச் சரிவு? மார்டள்ளியா, மலையா? சீட்டு இருந்தால் ஒரு நொடி வேலை.

பேத்திதான் கண்டுபிடித்தாள். செடி இருந்த செய்தித்தாளை விரித்துத் தேதியைப் பார்த்தாள். 1984. "காகிதம் பின்னால் மாற்றியிருக்கலாமே" என்றேன் நான், ஒரு நப்பாசையில். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். பச்சை இலையின் கறை, நரம்பு நரம்பாக, அந்தத் தாளிலேயே பதிந்திருந்தது. பறித்த புதிதில் அழுத்தியது அந்தத் தாளில்தான். ஆகவே எங்களிடம் இருப்பது 1984-ன் எண் 9, மாதேஸ்வரன் மலையுடையது. மார்டள்ளி மாகாளியில் அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட கிளை பூச்சிக்கு இரையாகியிருக்க வேண்டும். மற்றொரு கிளை எங்கோ ஓர் அலமாரியில், வாத்தியார் பெயரும் "14"-ம் எழுதிய சீட்டோடு இருக்கிறது. அதே பெயரும் அதே 14-ம் எழுதிய வேறு செடிகளும் அங்கே இருக்கலாம். 1981 என்ற ஆண்டும் மார்டள்ளி என்ற ஊரும் சீட்டில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் கிடைக்கும்.

கடிதங்கள் எழுதியிருக்கிறோம். ஒரு தொகுப்பிலிருந்து அன்பாகப் பதில் வந்தது, தேடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சிய 11 தாள்கள், ஒரே இடத்தில் பல ஆண்டு பறித்த ஆவாரை, தும்பை போன்றவை. எந்த ஆண்டுடையது என்று சொல்ல முடியவில்லை. அவற்றின் மேல் "பழைய சீட்டு இழக்கப்பட்டது" என்று எழுதி, என் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். பழியைப் பிற்காலத்தவர் வாத்தியார் மேல் போடக்கூடாது அல்லவா?

நாம் செய்யக்கூடியது

412 தாள்களையும் நோட்டுகளையும் ஒரு முறையான ஹெர்பேரியத்தில் ஒப்படைக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. அவர்கள் தங்கள் எண்ணை இடுவார்கள். வாத்தியாரின் எண்ணும் அப்படியே இருக்கும். வீட்டுப் பெட்டியில் பூச்சிக்குப் போவதைவிட அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று மகளும் ஒப்புக்கொண்டாள்.

நம் சங்கத்து அன்பர்களில் ஆசிரியர்கள் உண்டு, வனத்துறையில் இருந்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். செடி மட்டும் அல்ல, சங்கு, பூச்சி, பழைய நாணயம், புகைப்படம் எதுவானாலும் சரி. மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று, பழைய சீட்டைக் கழற்றாதீர்கள். கிழிந்திருந்தாலும், தப்பாகத் தோன்றினாலும், செய்தித்தாளாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு, புதிதாகச் சேகரிப்பவர்கள் 1-ல் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் ஒரே வரிசையில் போங்கள். ஆண்டு பிறந்தது என்று மறுபடி 1-க்குத் திரும்பாதீர்கள். மூன்று, தேதியும் ஊர்ப்பெயரும் எழுதுங்கள்; மாவட்டம் மாறும், ஊர் நிற்கும். இன்னொரு சொல்: மாதேஸ்வரன் மலை 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். இன்று வாத்தியாரைப்போல் துணிப்பையோடு போய்ப் பறிக்க முடியாது, அனுமதி வேண்டும். ஆகவே அன்று பறித்தவை இன்னும் விலைமதிப்பற்றவை ஆகிவிட்டன.

யார்டில் தப்பான வேகனைக் கழற்றிய மறுநாள், என் மேலதிகாரி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நம்பரை எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எழுதினப்புறம் ஒரு தடவை வண்டியைப் பாரு." நாற்பது ஆண்டு அதைக் கடைப்பிடித்தேன். ஓய்வு பெற்றபின் இரண்டே நாள் மறந்துவிட்டேன்.

மார்டள்ளியின் 14-ஆம் எண் கிடைத்தால் அடுத்த மலரில் எழுதுகிறேன்.